ஊரே பார்க்கும் பெட்டி

சிதம்பரம் பக்கம் இப்போது புது வீட்டில் திருஷ்டிப் பூசணி தொங்குகிறதோ இல்லையோ, நாலு கேமரா தொங்குகிறது. மகன் ஷார்ஜாவில், மகள் சிங்கப்பூரில், அப்பாவும் அம்மாவும் இங்கே. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு டிவிஆர் பெட்டி ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், பின்னால் ஒரு வயர், அந்த வயரின் மறுமுனையில் ஷார்ஜா. பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் முதுநகர் வரை எத்தனையோ குடும்பங்களை இன்று கூட்டிக் கட்டிவைத்திருப்பது இந்தப் பெட்டிதான்.

பொருத்த வருகிற தம்பி, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்துக்கு நேரே ஃபோனைக் காட்டுவார். படம் வந்துவிடும்.

"அவ்ளோதான் சார். உலகத்துல எங்கேர்ந்து வேணும்னாலும் பாக்கலாம்."

பொய்யில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

"பாஸ்வேர்டை மாத்திடலாமா தம்பி?"

"வேணாம் சார். நாளைக்கு மறந்துட்டு என்னைத்தான் கூப்டுவீங்க."

பெயர் அட்மின், கடவுச்சொல் ஒன்றிலிருந்து ஆறு வரை. போகிற போக்கில் அதை மார்க்கர் பேனாவால் பெட்டியின் தலையிலேயே எழுதிவிட்டுப் போவார். அவர் பொருத்திய எல்லா வீட்டுக்கும் அதே எண்தான். அவர் மறந்துவிடக் கூடாதல்லவா? வாசலில் இரும்பு கேட், அதற்குள் தேக்குக் கதவு, அதில் மூன்று பூட்டு, நிலைப்படியில் எலுமிச்சம்பழம். கூடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கும் அம்மாவுக்கு மட்டும் காவல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

முதலில் கண்காணிக்கப்படுவது திருடன் அல்ல, பெற்றோர்தான். மதியம் அம்மா கொஞ்சம் கண் அயர்ந்தால் கூரையிலிருந்து அசரீரி வரும்: "அம்மா, மாத்திரை போட்டியா?" பால்காரர் வாசலில் நின்றால், "அப்பா, எவ்ளோ நேரமா பெல் அடிக்கிறாரு, எழுந்து போ" என்று பாலைவனத்திலிருந்து உத்தரவு வரும். எழுபத்தைந்து வயது மனிதர் ஒரு பீடி பிடிக்கக் கேமராவுக்கு எட்டாத கொல்லைக் கோடியைத் தேடி ஓடுகிறார். வீட்டைக் கட்டியது அவர், வரி கட்டுவதும் அவர், ஒளிந்து நடமாடுவதும் அவர்.

பார்ப்பது மகன் மட்டும் என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

தூரத்திலிருந்து பெட்டியைத் திறக்க வழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, வீட்டு ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவைப்பது. திறந்த போர்ட்டுகளை உலகம் முழுக்கத் தட்டித் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் அலைகின்றன. கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போன கதைதான். இன்னொன்று, பெட்டி செய்த கம்பெனியின் சர்வர் வழியாகப் போவது. அதாவது, உங்கள் கூடத்தின் சாவி உங்களிடமும் இருக்கும், பேர் தெரியாத ஒரு கம்பெனியிடமும் இருக்கும்.

அந்தக் கம்பெனிகளின் லட்சணத்தைப் பாருங்கள். சீனத்தின் ஹாங்சோ நகரத்து ஷியோங்மாய் நிறுவனம் செய்யும் சர்க்யூட், எத்தனையோ பெயர்களை ஒட்டிக்கொண்டு உலகமெங்கும் விற்பனைக்குப் போகிறது. ஆஸ்திரியாவின் எஸ்இசி கன்சல்ட் நிறுவனம் 2018-இல் அதைப் பிரித்துப் பார்த்தது. அட்மினுக்குக் கடவுச்சொல்லே கிடையாது, வெறும் காலி. அது போதாதென்று, எந்தக் கையேட்டிலும் சொல்லாத இன்னொரு பயனர் உள்ளே குடியிருந்தார். பெயர் 'டிஃபால்ட்', கடவுச்சொல், அதே ஆங்கில எழுத்துகள் தலைகீழாக. ஒரு பெட்டியின் அடையாள எண் தெரிந்தால் மற்றப் பெட்டிகளின் எண்களையும் ஊகித்துவிடலாம். அப்படி இணையத்தில் கிடந்தவை சுமார் 90 லட்சம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே பாடம் நடந்து முடிந்திருந்தது. கம்பெனி வைத்த கடவுச்சொற்களில் ஓர் அறுபதைப் பட்டியல் போட்டு, இந்த மாதிரிக் கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் 'மிராய்' என்ற நிரல் பிடித்துத் தன் படையில் சேர்த்தது. 2016 அக்டோபர் 21-இல் அந்தப் படை, இணையதளங்களுக்கு முகவரி தேடித்தரும் டைன் நிறுவனத்தின் மேல் பாய்ந்தது. டிவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் படுத்தன. திருடனைப் பிடிக்க வாங்கிய பெட்டி அமெரிக்காவில் அடியாள் வேலை பார்த்துவிட்டு, வீட்டில் ஒன்றும் அறியாததுபோல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இங்கே என்ன ஆயிற்று? ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில், பெண்களைப் பரிசோதிக்கும் அறைக்குள் ஓடிய கேமராவின் படங்கள் 2025 பிப்ரவரியில் யூடியூபிலும் டெலிகிராமிலும் விலைக்கு வந்தன. கடவுச்சொல் 'அட்மின்123'. அந்த அறைக்குள் கேமரா எதற்கு என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கடவுச்சொல்லை மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை. படத்தை வாங்க ஆள் மட்டும் இருந்தது.

சோதித்துச் சான்று வாங்காத கேமராவை விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை விற்றவை? அவை சுவரில் இருக்கின்றன. மாட்டுங்கள், மாட்டுங்கள், கேமராதான் மூன்றாவது கண் என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுச் சொன்ன காவல்துறை, மாட்டியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று ஒரு தட்டியாவது வைத்ததா? வைக்காது. மூன்றாவது கண் நம் செலவு: கேமரா நம் காசு, கரண்ட் நம் காசு. தெருவில் செயின் பறிப்பு நடந்தால் "டிவிஆரைக் கழட்டிக் குடுங்க" என்று வருவது மட்டும் அவர்கள் பங்கு. குடிமகனின் பெட்டி ஒருநாளும் ரிப்பேர் ஆகக் கூடாது.

ரிப்பேர் ஆவதற்கென்று வேறு பெட்டி இருக்கிறது. அது காவல் நிலையத்தில் இருக்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிபட்ட இரவைப் பார்க்க மாஜிஸ்திரேட் போனார். நிலையத்துப் பெட்டியில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய படம் அன்றன்றே அழியும்படி செட்டிங். பாஸ்வேர்டு மாற்றத் தெரியாத நாட்டில் இந்த செட்டிங்கை மட்டும் யாரோ தேடிக் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறார்கள். திறமையே இல்லை என்று நம் காவல்துறையை யாரும் சொல்ல வேண்டாம்.

அதே வருஷம் டிசம்பர் 2-இல், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை என எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும், குரலும் பதிவாக வேண்டும், 18 மாதம், வழியில்லாவிட்டால் ஓராண்டாவது சேமிக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், நிலையங்களில் கேமரா ஓடவில்லை என்ற செய்தியைப் படித்து அதே நீதிமன்றம் தானாக முன்வந்து மறுபடி வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஷார்ஜாவில் இருக்கும் பையனால் சிதம்பரத்துக் கூடத்தில் அம்மா கண் அயர்வதைக் கண்டுபிடிக்க முடிகிறது. உச்ச நீதிமன்றத்தால் ஒரு லாக்கப்பைப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கடலூர் மாவட்டத்துக்கு அந்தக் கண் எவ்வளவு தேவை என்று வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. 1992-இல் அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் ஒருவர் செத்தார், அவர் மனைவியைக் காவலர்களே சீரழித்தார்கள். 1993-இல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று எழுதிவைத்தார்கள். ஓடவில்லை, அங்கேயே அடித்துக் கொன்றார்கள் என்பதை உயர் நீதிமன்றம் 2006-இல் உறுதிசெய்ய, அவர் மனைவி பார்வதியும் வழக்கறிஞர் சந்துருவும் எத்தனை படியேற வேண்டியிருந்தது! அன்று கேமரா இல்லை. இன்று இருக்கிறது, ஓடுவதில்லை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்ததை உலகுக்குக் காட்டியதும் அரசாங்கப் பெட்டி அல்ல. ஒளிந்திருந்து ஒருவர் செல்ஃபோனில் பிடித்த சில நொடிகள்.

கேமராவை அரசு எங்கே மாட்டுகிறது என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 2025 ஜூலை 8 காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையில், செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், பள்ளி வேனை விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் அடித்துப் போனது. மூன்று பிள்ளைகள் செத்தார்கள். அது இன்டர்லாக் இல்லாத கேட். இன்டர்லாக் இருந்தால் கேட்டை மூடிப் பூட்டாமல் சிக்னல் விழாது. இல்லாததால், மூடிவிட்டேன் என்று கேட்கீப்பர் ஃபோனில் சொல்வதை ஸ்டேஷன் மாஸ்டர் நம்பியாக வேண்டும். அன்று கேட் திறந்தே கிடந்தது. கேட்டுக்குப் பதிலாகக் கட்ட வேண்டிய சுரங்கப்பாதைக்கு ஒரு வருஷமாக மாவட்ட ஆட்சியர் அனுமதி தரவில்லை என்றது ரயில்வே. அதே வாரத்தில் டெல்லியிலிருந்து மருந்து வந்தது: நாடு முழுக்க எல்லா லெவல் கிராசிங்கிலும் சிசிடிவி, பதிவு வசதியோடு. இன்டர்லாக் வேலையை வேகப்படுத்துவதும் அதே உத்தரவில் இருந்தது. ஆனால் சுவரில் மாட்டிப் போட்டோ எடுக்கத் தோதானது கேமராதானே.

கேமரா ரயிலை நிறுத்தாது. வேனையும் நிறுத்தாது. தூங்கும் கேட்கீப்பரை எழுப்பாது, மேஜையில் தூங்கும் கோப்பையும் எழுப்பாது. டெல்லியில் உட்கார்ந்து செம்மங்குப்பத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பார்க்கிறவர் யார், எந்த ஷிஃப்டில், கேட் திறந்து கிடப்பதைக் கண்டால் எந்த நம்பருக்கு ஃபோன் அடிப்பார், அதற்குள் பாசஞ்சர் எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கும்? இதையெல்லாம் கேட்டால் பெட்டி பொருத்த வந்த தம்பியைப் போலவே சொல்வார்கள்: அவ்ளோதான் சார், எங்கேர்ந்து வேணும்னாலும் பாக்கலாம்.