கரண்ட் பில் அவன் பொறுப்பு

கேள்வி: மகனுக்கு 24 வயது. இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறான். பேங்குக்குப் போகக்கூட அப்பா துணை வேண்டும். எப்போதுதான் சொந்தக் காலில் நிற்பான்?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, 10 வயதுப் பிள்ளையே தனியாகச் சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே அனுமதித்துவிட்டது. 18 வயதில் ஓட்டுப் போடும் உரிமை 1989-லேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சட்டத்துக்குத்தான் இன்னும் திருத்தம் வரவில்லை!

இந்த முறை கரண்ட் பில்லை அவன் பொறுப்பில் விடுங்கள். நினைவூட்டாதீர்கள், அதுதான் உங்களுக்குக் கஷ்டமான பரீட்சை. மறந்துவிட்டால் ஃபேன் நிற்கும், வியர்க்கும். அவனே ஓடிப்போய்க் கட்டட்டும். அபராதமும் அவன் கையிலிருந்தே போகட்டும். அப்பா பைக் சாவியை எடுக்கக் கூடாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தூக்கம் கெட்டு, நண்பர்களையும் தவிர்த்து அறைக்குள்ளேயே முடங்கினால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். அந்த எண்ணை அவனிடம் கொடுங்கள். தயங்கினால் முதலில் நீங்களே பேசுங்கள்.