பின்னா, ஸ்க்ரூவா?

எங்கள் வீட்டில் குடும்பத் தலைவர் பதவி எனக்குத்தான். லைட் பில்லில் என் பெயர்தான் அச்சாகி வருகிறது. ஆனால் பதவி இருக்கிறதே தவிர, இலாகாக்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டன. நிதி மனைவியிடம். டீவி ரிமோட் மாமனாரிடம். வைஃபை மகளிடம். கடைசிவரை என்னிடம் மிஞ்சியது மின்குமிழ் இலாகா ஒன்றுதான். அதுவும் திறமைக்காகக் கிடைத்ததல்ல, உயரத்துக்காகக் கிடைத்தது. ஸ்டூலில் ஏறினால் கூரைக்குக் கை எட்டுகிற ஆள் வீட்டில் நான் ஒருவன்தான்.

அந்த இலாகாவுக்கு ஒரு காலத்தில் நல்ல மரியாதை. குமிழ் போய்விட்டால் வீடே ஒரே குரலில் என்னைக் கூப்பிடும். நான் உடனே எழுந்துவிட மாட்டேன். சாரத்தை மடித்துக் கட்டுவேன். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்வேன். மகள் டோர்ச் பிடிக்க வேண்டும், மனைவி ஸ்டூலைப் பிடிக்க வேண்டும். போன குமிழைக் கழற்றிக் காதருகே குலுக்கி, உள்ளே கிணுகிணுவென்று கேட்டதும், "இழை அறுந்து போச்சு" என்று தீர்ப்புச் சொல்வேன். அது எரியாமல் போனதிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் தீர்ப்பை நான் சொன்னால்தான் சபை கலையும்.

இந்த மரியாதைக்கு நான் ஜெனீவாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்த அதே 1924ஆம் ஆண்டின் டிசம்பரில், உலகத்தின் பெரிய குமிழ்க் கம்பெனிகள் அங்கே கூடி 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. ஒரு குமிழ் 1,000 மணி நேரம் எரிந்தால் போதும், அதற்கு மேல் எரிய விடக்கூடாது என்பது அவர்களுடைய ஏற்பாடு. மாதிரிகளை வாங்கிச் சோதித்து, கூடுதலாக எரிகிற குமிழைச் செய்த கம்பெனிக்கு அபராதமும் போட்டார்கள். கூட்டணி இரண்டாம் உலகப் போரோடு கலைந்தாலும் அந்த 1,000 மணி நேரம் மட்டும் நிலைத்துவிட்டது. இரவுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால், ஒரு குமிழுக்கு ஆயுள் ஆறரை மாதம். எங்களைப் போல ஏழு குமிழ் போட்ட வீட்டில் மாதத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை எனக்குப் பட்டாபிஷேகம். அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் போட்ட குமிழ் இன்னும் எரிகிறதாம். அந்த நிலையத்தில் ஸ்டூல் ஏறும் பொறுப்பில் இருந்தவரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

குமிழ் போகும்வரை காத்திருக்கிற பிரச்சினை என் தகப்பனாருக்கு இருக்கவில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் நாங்கள் இருந்தபோது, வெளிச்சம் என்றால் குப்பி லாம்புதான். மருந்துப் போத்தலின் மூடியில் ஓட்டை போட்டு, திரியைச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றினால் லாம்பு தயார். தோட்டத்து ஓடையைக் குழாயில் இறக்கி டர்பைன் சுற்றவைத்து, தேயிலை ஸ்டோருக்கு மின்சாரம் எடுக்கிற வித்தையை வெள்ளைக்காரத் துரைமார் எங்கள் தாத்தா காலத்திலேயே செய்துவிட்டார்கள். ஸ்டோரில் தேயிலை காய்வதற்கு வெளிச்சம் இருந்தது. அதைப் பறித்தவர்களின் காம்பராவுக்கு அந்தக் கம்பி வந்துசேர இரண்டு தலைமுறை ஆனது. ஸ்டோரிலிருந்து லயம் அவ்வளவு தூரமும் இல்லை.

குப்பி லாம்பு தட்டிவிட்டால் கவிழும், கவிழ்ந்தால் பற்றும். அதில் வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குட்டையான, பக்கங்கள் தட்டையான, மூடியைத் திருகி மூடுகிற பத்திரமான லாம்பு ஒன்றைச் செய்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. என் தகப்பனாருக்குக் கிடைத்ததெல்லாம் திரியை ஏற்றி இறக்கும் அதிகாரம் மட்டும்தான். ஆனால் அது ஒவ்வொரு நாளும் கிடைத்தது.

நான் வாத்தியாராகி, ஹாலிஎல ரோட்டில் வீடு கட்டி, குண்டுக் குமிழ்களோடு ஆட்சி நடத்திக்கொண்டிருந்தபோது சுருள் குமிழ் வந்தது. சிஎஃப்எல். பதுளையின் மார்கழிக் குளிரில் அதற்கு எழும்ப மனமே வராது. சுவிட்சைப் போட்டால் மங்கலாக முனகிக்கொண்டு கிடக்கும். விருந்தாளி வந்து, தேத்தண்ணி குடித்து, வாசலில் செருப்புப் போடுகிற நேரத்தில்தான் அவர் யாரென்று முகம் தெரியும். உடைந்தால் உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் என்றார்கள். அதனால் போன குமிழ்களைக் குப்பையில் போடப் பயந்து பரணில் சேர்த்துவைத்தேன். என் மறைவுக்குப் பிறகு பிள்ளைகள் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய சொத்து அது ஒன்றுதான்.

எல்இடி வந்த பிறகுதான் என் ஆட்சி ஆட்டம் கண்டது. முன்பெல்லாம் பதுளை டவுனில் ஹார்ட்வெயார் கடைக்குப் போய், "நானா, அறுபது வாட் ஒன்று" என்றால் கதை முடிந்தது. இப்போது நானா விசாரணை நடத்துகிறார்.

"பின்னா, ஸ்க்ரூவா சேர்?"

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. பழைய ஹோல்டர்கள் பின். மகள் ஆசைப்பட்டு வாங்கிய அலங்கார விளக்குகள் ஸ்க்ரூ. எது போயிருக்கிறதோ அதற்கு எதிரானதை வாங்கி வருவதில் எனக்கு ஒரு தனித் திறமை. ஆகவே இப்போது போன குமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கடைக்குப் போகிறேன்.

"எத்தன வாட்?"

"அறுபது."

"அறுபது வாட் எல்இடி மைதானத்துக்குத்தான் போடுவாங்க சேர். ஒன்பது போதும். பெட்டியில லூமன் பாருங்க, எண்ணூறுக்குக் கிட்ட இருந்தா உங்கட பழைய அறுபதுக்குச் சமன்."

முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு, வாட் என்பது தின்கிற தீனி, லூமன் என்பது தருகிற வெளிச்சம் என்று ஹார்ட்வெயார் கடையில் பாடம் நடக்கிறது. பக்கத்தில் சீமெந்து வாங்க நின்றவர் என் பழைய மாணவன். அவனும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு நின்றான். என் வகுப்பில் அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் கணக்கைச் சரிபார்த்தேன். ஏழு குமிழ், அறுபது வாட், ஐந்து மணி நேரம்: நாளுக்கு 2.1 அலகு, மாதத்துக்கு 63. எங்கள் கட்டண அட்டவணையில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை மாறிவிடும். அதாவது ஃப்ரிட்ஜ், அயன், மாமனாரின் டீவி எதையும் தொடாமல், வெறும் குமிழ்களை வைத்தே நான் எல்லை தாண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்பது வாட்டுக்கு மாறினால் அதே வெளிச்சம் பத்து அலகுக்குள் முடிகிறது. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் என்று கட்டணம் ஏறியபோது, நிதி அமைச்சர் இந்தக் கணக்கை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு வருசமா நீங்க கணக்கு வாத்தியார்தானே?" என்று மட்டும் கேட்டார். மேற்கொண்டு விவாதம் நடக்கவில்லை.

அடுத்தது நிறம். பெட்டியில் 2,700 கெல்வின், 6,500 கெல்வின் என்று போட்டிருக்கும். எண் கூடக்கூட வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கும், வெள்ளையிலிருந்து நீலத்துக்கும் போகும். பெரிய எண் நல்லதென்று பரீட்சைத் தாள் திருத்திப் பழகியவன் நான். 6,500ஐ வாங்கிவந்து சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினேன். என் மாமனார் ஊவாத் தோட்டங்களில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கச்சான் காற்று வீசுகிற ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கொழுந்தில் ஏறுகிற வாசனையை, தேயிலையைக் கையில் அள்ளியே சொல்லிவிடுவார். அவர் கோப்பையை எடுத்தார், சாய்த்துப் பார்த்தார், அப்படியே வைத்துவிட்டார்.

"என்ன மாப்புள, தேத்தண்ணி செத்துக் கெடக்கு?"

"தேத்தண்ணி நல்லாத்தான் இருக்கு மாமா. லைட்தான் வேற."

"டேஸ்டிங் ரூமுக்கு வடக்குப் பக்கமாத்தான் ஜன்னல் வைப்பாங்க. ஏன்னு தெரியுமா? வெயிலு நேரா விழாது, காலையிலயும் பின்னேரமும் ஒரே வெளிச்சம். சாயம் பொய் சொல்லாது. நீங்க பொய் சொல்ற லைட்ட வாங்கிட்டு வந்திருக்கீங்க."

வெளிச்சம் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், அதில் சிவப்பு குறைந்தால் சாயத்தின் செம்மை எடுபடாது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கும் பெட்டியில் ஓர் எண் உண்டு. சிஆர்ஐ என்று போட்டு 80, 90 என்று இருக்கும். இதை நான் மாமனாரிடம் விளக்கினேன். அவர் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய், சூரியனோடு உட்கார்ந்துகொண்டார். அதே வெள்ளைக் குமிழை மனைவி குசினிக்கு மாற்றினார். அங்கே அது சுவரில் பல வருடத்து எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டிக்கொடுத்தது. பழைய மஞ்சள் குமிழின் கீழ் பளபளத்த குசினி அது. ஞாயிறு முழுதும் நான் சுவர் தேய்த்தேன். இது எந்த இலாகாவில் சேரும் என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

பிறகு லுணுகலையிலிருந்து மனைவியின் பெரியம்மா வந்து தங்கினார். நடுச்சாமத்தில் எழுந்தவர், ஹாலில் அணைத்துவைத்த குமிழ் மெல்லிசாக மினுங்குவதைப் பார்த்துவிட்டார். சுவிட்சைப் போட்டு அணைத்தார், மினுக்கம் போகவில்லை. காலையில் வீட்டில் எல்லார் நெற்றியிலும் திருநீறு. "முனி நடமாட்டம் இருக்கு" என்றார். வயரிங் பாஸைக் கூப்பிட்டோம். முனியை அவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். கரண்ட் வருகிற கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்ச், நியூட்ரல் கம்பியில் மாட்டியிருந்தது. சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டர் வரை 230 வோல்ட் வந்து காத்துக்கொண்டிருக்கிறது. துளிக் கசிவுக்கும் எல்இடி மினுங்கும். குண்டுக் குமிழ் அதைச் சட்டை செய்யாது என்பதால் இத்தனை வருடம் தெரியவில்லை. வெறும் சுவிட்சை நம்பி அந்த ஹோல்டரில் விரல் வைத்திருந்தால் என் பெயர் பில்லிலிருந்தே போயிருக்கும். பந்தாவுக்காக மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேனே, அந்தப் பந்தாதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

நல்ல குமிழும் நல்ல வயரிங்கும் அமைந்தால் கரண்ட் இராது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் இருண்டதற்கு, பாணந்துறை மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கொன்று ஒரே தாவலில் முழு நாட்டையும் அணைக்கிறது. எனக்கு என் வீட்டில் ஹால் லைட்டை அணைக்க மாமனாரின் சீரியல் முடிய வேண்டும். மின்சாரத்துக்கு எங்கள் ஊவா செய்த உபகாரமும் சின்னதில்லை. புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுபோய், வெல்லவாயப் பக்கம் நிலத்துக்கு அடியில் 120 மெகாவாட் எடுக்கிற உமா ஓயாத் திட்டத்தை 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதியே வந்து திறந்துவைத்தார். குடையும்போது சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றிப்போனதை அங்கே இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி வேகிறார்கள். கிணற்றையே கொடுத்த ஊரிலும் கரண்ட் போகத்தான் செய்கிறது.

ஆகையால் மகள் பட்டரி வைத்த குமிழ் வாங்கிவந்தாள். கரண்ட் போனாலும் சில மணி நேரம் எரியும். கழற்றிக் கையில் பிடித்து அடியைத் தொட்டால் உள்ளங்கையிலேயே எரியும். இருட்டில் அதைப் பிடித்துக்கொண்டு அவள் சாமி மாதிரி நின்றாள். மெயின் சுவிட்ச் இல்லை, டோர்ச் இல்லை, ஸ்டூல் இல்லை. என் இலாகாவை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

எனக்கிருந்த ஒரே நம்பிக்கை, எல்இடியும் போகும் என்பது. பெட்டியில் 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் அது உள்ளே இருக்கிற வெளிச்சப் பொட்டுகளின் ஆயுள்தான். அடியில் இருக்கிற சின்ன மின்சுற்று சூட்டில் வேகும், இடிமின்னலில் கருகும். பதுளையில் ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடிக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் காற்றில்லாமல் அடைத்த குமிழ்கள் சீக்கிரமே போயின. நான் சாரத்தை மடித்துக் கட்டினேன். ஆனால் வயரிங் பாஸ் போகிற போக்கில், "கூண்டத் தொறந்து விடுங்க, சூடு வெளியே போகட்டும்" என்று சொல்லிவிட்டார். மனைவி அன்றைக்கே எல்லாக் கூண்டுகளையும் கழற்றிவிட்டார். அதன் பிறகு ஒன்றும் போகவில்லை.

ஹாலில் இருக்கிற குமிழ்தான் இருப்பதில் மூத்தது. 15,000 மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் எட்டு வருடத்துக்கு மேல். எனக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. போட்டி எந்தப் பக்கம் சாயும் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? கடைசியில் அதைக் கழற்றி, பெட்டியில் போட்டு, பில்லையும் எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன். வாங்கிய திகதியைக் குமிழின் கழுத்தில் மார்க்கரால் எழுதித் தந்தவர் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியைப் பார்த்தார். ஹோல்டரில் மாட்டிப் பார்த்தார். கடை முழுதும் பளீரென்றது.

"நல்லாத்தானே எரியுது சேர். என்ன பிழை?"

"அதுதான் நானா பிழை. எரிஞ்சுகிட்டே இருக்கு."

நானா குமிழைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்துத் திருப்பித் தந்தார்.

"அதுக்கு வாரண்டி இல்ல சேர்."