போன்சாய்க்குத் தண்ணீர் ஊற்றும் உரிமை: ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், சென்னை அடுக்குமாடி வீடொன்றின் பால்கனியில் ஒரு முழ உயர ஆலமரம் தட்டில் நிற்க, அதற்குத் தண்ணீர் ஊற்றும் உரிமை அவ்வீட்டில் யாருக்கு என்பதை ஆராய்தல் நுதலிற்று. காவிரி நீருக்கு நடுவர் மன்றம் இருந்தது. பூவாளி நீருக்கு இல்லை. அக்குறையை நீக்கவே இது எழுந்தது.

முதலில் முன்னோர் மதம். சீனாவில் தோன்றிய போன்சாய்க் கலையை வளர்த்தெடுத்த ஜப்பானியர், தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருஷம் ஆகும் என்பர். நம்மிடையே அந்தப் படிப்பு, மரம் நர்சரியிலிருந்து வந்திறங்கிய அன்று மாலையே வீட்டில் அனைவருக்கும் முடிந்துவிடுகிறது.

இனிக் கள ஆய்வு. காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சி முடித்து வரும் தாத்தா, "வாயில்லா ஜீவன்" என்று ஒரு சொம்பு ஊற்றுகிறார். எட்டு மணிக்கு, அரிசி களைந்த தண்ணீர் வீணாகக் கூடாதென்று பாட்டி. பத்து மணிக்கு, வாளியில் மிஞ்சியதை வேலைக்கு வரும் அக்கா. மாலையில், மரத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் அலுவலகம் விட்டு வந்து, யூடியூபில் சொன்னபடி இலைக்கும் சேர்த்துப் பூவாளியால் தூவுகிறார். நால்வரும் நல்லவர்கள். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது.

தட்டின் ஆழமோ இரண்டு அங்குலம். மண் ஓயாமல் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை, அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே வெள்ளத்தில் நிற்கும் மரமும் வறட்சியில் நிற்பதுபோலவே இலை வாடிப் பழுக்கும். ஆய்வாளர் நிதானிக்க வேண்டிய இடம் இது. பழுத்த இலையைக் கண்ட நால்வரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: "தண்ணி பத்தலை." சொம்பு இரண்டாகிறது. வேறெந்தக் குடும்ப விவகாரத்திலும் இந்த நால்வரிடையே இப்படியொரு ஒருமித்த கருத்து ஏற்பட்டதில்லை.

அற்றேல், நால்வரும் ஊற்றாத நாளும் உண்டோ எனின், உண்டு. அது கத்திரி வெயிலில் வரும். ஆழமில்லாத தட்டு ஒரே பகலில் காய்ந்துபோகும் அந்நாளில், "அவங்க ஊத்தியிருப்பாங்க" என்று ஒவ்வொருவரும் மற்ற மூவரை நம்பியிருப்பர்.

மண்ணில் ஒரு கணு ஆழம் விரலை விட்டுப் பார்த்து, ஈரமிருந்தால் விட்டுவிடுக, காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியுமளவு ஊற்றுக என்பது பொதுவிதி. அப்படி வழிந்தால் கீழ்வீட்டுக்காரரின் கொடியில் காயும் வேட்டி நனையும் என்பது சிறப்புவிதி. அதற்கு அஞ்சித் தட்டுக்கடியில் இன்னொரு தட்டு வைப்பாரும் உளர். தேங்கிய தண்ணீரில் வேர் அழுகுவதோடு கொசுவும் பெருகும். செங்கல் ஜல்லி, சலித்த ஆற்று மணல், கொஞ்சம் தொழு உரம் கலந்து மண்ணைப் பொலபொலவென்று வைத்தால் மிகுதி தானே வடிந்துவிடும். வழக்கில் பாதி தள்ளுபடியாகும். ஆனால் அந்த மண்ணைக் கலக்கும் உரிமையை நால்வரில் எவரும் இதுவரை கோரவில்லை.

வீட்டார் ஊருக்குப் போனால் உரிமை யாரைச் சேரும்? இதற்கு ஜப்பானில் முன்னுதாரணம் இருக்கிறது. 2019 ஜனவரியில் சைதாமா பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து சில போன்சாய்கள் திருடுபோயின. அவற்றில் ஒன்று 400 வயதான ஷிம்பாக்கு ஜூனிபர். தோட்டக்காரரின் மனைவி, எடுத்துப்போனவர்கள் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்று முகநூலில் கேட்டுக்கொண்டார். இதனால் பெறப்படுவது: மரம் எவர் கையில் உள்ளதோ அவரே ஊற்றக் கடவர்; திருடனும் விலக்கல்லன். எதிர்வீட்டு மாமி எம்மாத்திரம்?

"மரம் எதையும் தாங்கும்" என்பார் ஒரு சாரார். வாஷிங்டன் போன்சாய் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்பைனைச் சான்று காட்டுவர். 1625 முதல் தட்டில் வளரும் அம்மரம், 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி யாமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்து பிழைத்தது. 1976இல் அக்குடும்பம் அதை அமெரிக்காவுக்குப் பரிசளித்தது. சான்று மெய்யே, ஆனால் பொருந்தாது. என்னை? அதைக் காத்தது தோட்டத்து மதில். அரிசி களைந்த தண்ணீருக்கு மதில் கிடையாது.

ஆகவே தீர்ப்பு: பூவாளி ஒருவர் கையில் மட்டும் இருக்கும். மற்ற மூவருக்கும் பார்க்கும் உரிமை உண்டு. விரல் வைக்கும் உரிமை ஞாயிற்றுக்கிழமைகளில். தாத்தாவுக்குத் தனியே ஒரு துளசித் தொட்டி வாங்கித் தரப்படும். இதைப் படித்துவிட்டு உடனே பால்கனிக்கு எழுந்து போகும் வாசகர்கள், யாராவது ஏற்கெனவே ஊற்றியாயிற்றா என்று வீட்டுக்குள் ஒரு குரல் கேட்டுவிட்டுப் போகவும்.