வாயில் சுருட்டு, வண்டியில் பேய்

1902இல் ஹென்றி ஃபோர்டு ஒரு பந்தயக் கார் கட்டினார். கட்டி முடித்ததும் அவருக்கே அதைக் கண்டு உதறல். எஞ்சின் கிட்டத்தட்ட 19 லிட்டர். அதற்கு மூடி கிடையாது. எண்ணெய் எல்லாம் ஓட்டுகிறவர் முகத்தில்தான். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதில் இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகும் ஒரு கம்பி. பெயர் ‘999’, அதுவும் ஒரு ரயிலிடமிருந்து கடன் வாங்கியது.

ஃபோர்டும் கூட்டாளி டாம் கூப்பரும் “நீங்க ஓட்டுங்க”, “இல்ல, நீங்க ஓட்டுங்க” என்று பந்தி உபசாரம் செய்துகொண்டார்கள். கடைசியில் ஒஹையோக்காரரான ஒரு சைக்கிள் பந்தயக்காரரைப் பிடித்து வந்தார்கள். பார்னி ஓல்டுஃபீல்டு, வயது 24. கார் ஓட்டத் தெரியுமா? தெரியாது. அப்படியானால் பயமும் தெரியாது. ஆள் கிடைத்தாயிற்று!

அக்டோபர் 25, டெட்ராய்ட் பக்கம் க்ராஸ் பாயின்ட் மைதானம். எதிரே, அன்றைய சூரர் அலெக்ஸாண்டர் விண்டன். வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பார்னிக்கு யாரும் சொல்லவில்லை போலும். 5 மைலை 5 நிமிடம் 28 விநாடியில் முடித்தார். விண்டனின் வண்டி பாதியிலேயே படுத்துவிட்டது. அடுத்த ஆண்டு இண்டியானாபொலிஸில் ஒரு மைல், 59.6 விநாடி. அதே மாதம் ஃபோர்டு கம்பெனி பிறந்தது. ஃபோர்டு முதலாளியானார், பார்னி நட்சத்திரமானார்.

வண்டியின் குலுக்கலில் பல் உடையாமலிருக்க வாயில் சுருட்டு. ஊர் ஊராகப் போய் மூன்று சுற்றுப் பந்தயம்: ஒன்றில் ஜெயிப்பார், ஒன்றில் தோற்பார், மூன்றாவதில் நூலிழையில் ஜெயிப்பார். எதிராளியும் அவர் சம்பளத்து ஆள்தான்! 1906இல் பிராட்வே மேடையிலேயே காரை ஓட்டினார். கீழே பட்டை சுழன்றது. கார் நகரவே இல்லை. கைதட்டல் மட்டும் குறையவில்லை.

இத்தனை நாடகம் ஆடியவர், 1910இல் குத்துச்சண்டை உலக சாம்பியன் ஜாக் ஜான்சனோடு காரில் மோதி ஜெயித்தார். ஜான்சன் கறுப்பினத்தவர். அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்துக்கு அப்போதுதான் ஒழுக்கம் ஞாபகம் வந்தது. பார்னியைத் தடை செய்தது. பார்னி ஒன்றும் சமத்துவப் போராளி இல்லை, வசூல் பார்க்க வந்தவர். ஆனால் சங்கத்தின் கண்ணில் உறுத்தியது வசூல் அல்ல, தோலின் நிறம்.

1946இல் பார்னி இறந்தார். அதற்குப் பிறகும் அமெரிக்கப் போலீஸ்காரர்கள் வேகமாகப் போகிறவர்களை மறித்து, “மனசுல பெரிய பார்னி ஓல்டுஃபீல்டுன்னு நினைப்போ?” என்று கேட்டு அபராதம் எழுதினார்கள். சங்கம் ஒதுக்கிவைத்த ஆளுக்குப் போலீஸே பட்டம் கட்டியது. அதுவும் அடுத்தவன் காசில்.