பேனா முனையில் மலையேற்றம்

மலையேறக் கால்பலம் வேண்டும் என்பவர்கள் இத்தாலியத் தேசியவாதி எத்தோரே தொலொமெயியை அறியாதவர்கள். 1904-இல், 2,900 மீட்டருக்கும் உயரமான குளோக்கர்கார்கோப்ஃப் உச்சியில் நின்று, தானே முதலில் ஏறியதாக அறிவித்தார். 'இத்தாலியின் உச்சி' என்று பெயரும் சூட்டினார். 1895-லேயே இன்னொருவர் ஏறிவிட்டது சில்லறை விவரம். மலை அப்போது ஆஸ்திரியாவில் இருந்தது அதைவிடச் சில்லறை. முதல் உலகப்போருக்குப் பிந்தைய 1919 ஒப்பந்தத்தில் எல்லைக்கோடே அவரைத் தேடி மலையேறி வந்ததே!

அங்கே நிற்பாரா? அந்த மலையிருக்கும், ஜெர்மனும் லதீனும் பேசிய தெற்குத் திரோலில் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கும் ஓடைகளுக்கும் இத்தாலியப் பெயர் வைத்தார். வியர்வை சிந்தாத சாதனை. இன்று வழிகாட்டிப் பலகைகள்தான் இரண்டு மூன்று பெயர்களைச் சுமந்து மூச்சு வாங்குகின்றன.

ஒன்று மட்டும் இடறுகிறது: இத்தாலியின் வடகோடி அவர் 'உச்சி' என்று பெயரிட்ட அந்தச் சிகரமல்ல, பக்கத்துச் சிகரம். ஆர்வமுள்ளவர்கள் பேனாவுடன் வரவும்; பூட்ஸ் கட்டாயமில்லை.