எழுபது வளைவு, இரண்டு வாளி

மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கிய இந்த நாட்களில் வந்த கேள்விகளில் பாதி காரைப் பற்றியவை. கொல்லிமலைக்காரர்கள், வார இறுதியில் மலையேறி வருகிறவர்கள், அடிவாரத்து நாமக்கல்காரர்கள் என்று மூன்று தரப்பும் கேட்டிருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க அவைதான்.

செம்மேடு வாசகர்: முதல் கார் வாங்கியிருக்கிறேன். வீட்டிலேயே கழுவிப் பராமரிக்க ஆசை. கடையில் இருபது பொருள் அடங்கிய செட் ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். இருபதில் பதினைந்து அலமாரியிலேயே கிடக்கும். பெயின்ட்டைத் தொடுகிற பொருள் எதுவோ, அதற்கு மட்டும் நல்ல காசு கொடுங்கள்.

முதலில் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு கதவைக் கழுவி முடித்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். வாளியின் அடியில் வைக்கச் சல்லடைத் தட்டு விற்கிறது. படிந்த மணல் மறுபடி மேலே கிளம்பாமல் அது தடுக்கும். கையுறை நீண்ட இழைகள் தொங்கும் மைக்ரோஃபைபராக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் வாங்காதீர்கள், அதன் தட்டையான முகத்தில் மணல் சிக்கி, நீங்கள் தேய்க்கும் இடமெல்லாம் கூடவே வரும். காருக்கென்றே தயாரித்த ஷாம்பு ஒரு பாட்டில், சக்கரத்துக்குத் தனி பிரஷ், ஈரம் எடுக்க ஒரு பெரிய தடித்த துண்டு, மற்ற வேலைக்கு நாலைந்து சின்னத் துண்டு. தொடங்க இது போதும்.

துண்டு பாக்கெட்டில் ஜி.எஸ்.எம். என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று அர்த்தம். பொது வேலைக்கு 300, 400; ஈரம் எடுக்க 800க்கு மேல். எண்ணை மட்டும் நம்பாமல் உள்ளங்கையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். தோலின் சொரசொரப்பைப் பிடித்து இழுத்தால் நல்ல துணி. வழுக்கிக்கொண்டு போனால் வைத்துவிடுங்கள். துவைக்கும்போது பருத்தித் துணியோடு சேர்க்காதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது. அது இழை இடுக்கை அடைத்து, உறிஞ்சும் சக்தியையே எடுத்துவிடும்.

சோளக்காடு வாசகர்: தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் காரைத் துடைக்கிறேன். ஒரு நாள் விட்டதில்லை. ஆனாலும் கறுப்புக் கார் மங்கிக்கொண்டே போகிறதே?

“ஆனாலும்” இல்லை, “அதனால்தான்”.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி மாதிரியான பூச்சு இருக்கிறது. பளபளப்பு முழுக்க அதில்தான். அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது. நம் மலைச்சாலையின் செம்மண் புழுதியில் மணல் கலந்திருக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. அந்தப் புழுதியை உலர்ந்த துணியால் இழுப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பனி இறங்கிய காலையில் துடைப்பது இன்னும் மோசம். அந்த ஈரம் புழுதியைக் கழுவப் போதாது, குழைக்க மட்டும் போதும்.

என் முதல் காரில் நானும் இதையே இரண்டு வருடம் செய்தேன். ஒரு சாயங்காலம் வெயில் பானட்டில் சாய்ந்து விழுந்தபோது பார்த்தேன்: சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை பின்னியது மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வளையக் கோடுகள். ஒவ்வொன்றும் நான் அக்கறையோடு துடைத்த ஒரு காலை. அன்று நெஞ்சு வலித்தது. இன்றைக்கு இரவு உங்கள் கைபேசி டார்ச்சை பானட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

தினமும் துடைப்பதை விடுங்கள். வாரம் ஒரு முறை நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை ஊறவிட்டு இறக்குங்கள். கை படுவது அதற்குப் பிறகுதான். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. மண் அங்கேதான் அதிகம்.

வளப்பூர் நாடு வாசகர்: வல்வில் ஓரியின் ஒரே அம்பு ஐந்து விலங்கைத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அதுபோலக் கழுவ, பாலிஷ் போட, மெழுகு பூச எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் போதுமா?

ஓரிக்கு யானையும் புலியும் மானும் பன்றியும் உடும்பும் ஒரே கோட்டில் நின்றன. காரில் அப்படி நிற்பதில்லை. அழுக்கைக் கழற்றுவது ஒரு வேலை, மேற்பரப்பைச் சீவுவது ஒரு வேலை, அதன் மேல் காப்புப் பூசுவது வேறொரு வேலை. கழுவிக்கொண்டே கொஞ்சம் மெழுகும் விடுகிற ஷாம்பு உண்டு, அது பரவாயில்லை. “கீறலையும் மறைக்கும்” என்று சேர்த்துச் சொன்னால் பாட்டிலைக் கீழே வைத்துவிடுங்கள்.

பேளுக்குறிச்சி வாசகி: பாத்திரம் கழுவும் லிக்விட்?

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பிறந்தது அது. நீங்கள் பூசிய மெழுகும் அதற்குப் பிசுக்குதான். துணி சோப்புத் தூள் அதைவிடக் காரம், தொடவே வேண்டாம்.

நாமக்கல் வாசகர்: லாரித் தொழில் எங்களுக்கு. வண்டிக்கு டீசல் அடித்துக் கழுவித்தான் பழக்கம். காருக்கும் அதையே செய்யலாமா?

லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு இருக்கும் பேர் ஊரறிந்தது. அந்தப் பட்டறைக் கைகள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. டீசல் விஷயத்தில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். அது ரப்பர் புஷ், சீல், ஹோஸ் எல்லாவற்றையும் ஊறவைத்து உப்பவைக்கும். அடித்த அன்று கறுகறுவென்று மின்னும். இரண்டே நாளில் அந்தப் பிசுக்கில் புழுதி அப்பிக்கொள்ளும். இது அழகு சம்பந்தப்பட்ட கணக்கு மட்டும் என்றால் விட்டுவிடுவேன். தெறித்த டீசல் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிடிப்பு போய்விடும். அந்தக் காரோடுதான் நீங்கள் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கப்போகிறீர்கள்.

அடிப்பகுதிச் சேற்றுக்கு டீசல் தேவையே இல்லை. பிரஷர் வாஷர் இருந்தால் ஓர் அடி தள்ளிப் பிடித்து வெறும் தண்ணீர் அடியுங்கள். மட்கார்டு உள்மடிப்பில் மண் கட்டிகட்டியாக ஒட்டியிருக்கும். ஈரம் அங்கேதான் தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

சேந்தமங்கலம் வாசகர்: மலைக்குப் போய் வந்தால் அலாய் சக்கரம் பழுப்புப் புள்ளிகளோடு கறுத்துவிடுகிறது. ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பாத்ரூம் ஆசிட் போடலாம் என்கிறார்கள்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். அது அழுக்கோடு அலாயையும் தின்னும்.

நீங்கள் பார்ப்பது சாதாரண அழுக்கு இல்லை. இறக்கத்தில் பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசி உதிர்கிற இரும்புத்தூள். சூடாகவே பறந்துபோய்ச் சக்கரத்தில் பதிந்து, பனி ஈரத்தில் துருப்பிடித்துப் பழுப்பாகிறது. இதற்கென்றே அயர்ன் ரிமூவர் விற்கிறது. தெளித்த இரண்டு மூன்று நிமிடத்தில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வழியும். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு அது ஓர் அதிசயம். நாற்றம் கடுமை. கையுறை போட்டு, காற்றாட நின்று, காயவிடாமல் கழுவிவிடுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

இரண்டு விஷயம் கூடவே. இறங்கி வந்ததும் சக்கரத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். சூடேறிய டிஸ்க்கில் சட்டென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிப்போகக் கூடும். பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் அதிரும். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். அடுத்தது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும், தூளும் குறையும். சக்கரம் சுத்தமாக இருக்க இதைவிட நல்ல பொருள் எந்தக் கடையிலும் கிடையாது.

துறையூர் வாசகி: கொல்லிமலையில் பலாப்பழம் வாங்கி டிக்கியில் ஏற்றும்போது பால் பம்பரில் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் போட்டுத் தேய்க்கலாமா?

பலா அறுக்கும்போது கத்தியிலும் கையிலும் என்ன தடவுகிறீர்கள் அம்மா? அதேதான். தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். பால் இளகி உருண்டு வரும். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, எண்ணெய் போகிற வரைக்கும் ஷாம்புத் தண்ணீரால் கழுவுங்கள். பெட்ரோல் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் மங்கடிக்கும். பறவை எச்சத்துக்கு மட்டும் இவ்வளவு பொறுமை கூடாது. பார்த்த உடனே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள். வெயிலில் காய்ந்தால் பூச்சிலேயே தடம் விழும்.

ராசிபுரம் வாசகர்: ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சள் வெள்ளைக் காரில் இன்னும் இருக்கிறது.

தேய்க்காதீர்கள். சோப்பு போட்டால் சிவந்து பயமுறுத்தும், காரம் பட்ட மஞ்சளின் குணம் அது. நன்றாகக் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது, சில நாளில் தானே வெளுக்கும். கடைக் குங்குமத்தில் பெரும்பாலும் செயற்கைச் சாயம். அது அப்படிப் போகாது. அடுத்த வருடம் பொட்டைக் கண்ணாடியின் கீழ் மூலையில் வையுங்கள். சாமிக்கு இடம் பேதமில்லை, கண்ணாடியில் கறையும் ஏறாது.

செம்மேட்டில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை: மழைக்காலம் முழுவதும் காருக்குள் பூஞ்சை வாடை. காலையில் கண்ணாடி உள்ளே மூடிக்கொள்கிறது. டேஷ்போர்டு பாலிஷ், வாசனை பாட்டில் எல்லாம் வாங்கிவிட்டேன்.

அந்த இரண்டையும் எடுத்து வைத்துவிடுங்கள் டீச்சர். வாடையின் வேர் காலடி மேட்டுக்குக் கீழே இருக்கிறது. மேட்டைத் தூக்கி, கீழே உள்ள தரை விரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஈரம் கசியும். வெயில் வந்த அன்று நான்கு கதவையும் திறந்து போட்டுக் காயவையுங்கள். காய்ந்த பின் வாக்குவம் கிளீனர். ஈரத்தில் இழுத்தால் சேறு இன்னும் உள்ளே இறங்கும்.

கண்ணாடி மூடுவதற்கு ஈரம் ஒரு காரணம், உள்பக்கம் படியும் எண்ணெய்ப் படலம் இன்னொன்று. டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் நீங்கள் பூசிய பாலிஷும் வெயிலில் ஆவியாகி அங்கே போய் ஒட்டுகின்றன. பஞ்சு விடாத மெல்லிய மைக்ரோஃபைபரை லேசாக நனைத்து ஒரு முறை, உலர்ந்த துணியால் மறுமுறை துடையுங்கள். வண்டியில் போகும்போது ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும், கண்ணாடி தெளியும்.

மினுமினுக்கும் டேஷ்போர்டு பாலிஷை நான் இந்த மலையில் யாருக்கும் சொல்வதில்லை. வளைவில் வெயில் எதிரே திரும்பும்போது டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். மினுக்காமல் காய்கிற வகை கிடைக்கிறது, அது போதும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் எந்தப் பாலிஷும் படவே கூடாது.

தம்மம்பட்டி வாசகர்: 9எச் செராமிக் கோட்டிங் பாட்டில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா? கல் பட்டாலும் கீறாதாமே.

9எச் என்பது பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது, அவ்வளவுதான். கல்லுக்கு அந்தக் கணக்கு தெரியாது. நல்ல செராமிக், தண்ணீரை உருண்டோட வைக்கும், சேறு எளிதாகக் கழன்று வரும். ஆனால் பூசுவதற்கு முன் இருக்கும் கீறலெல்லாம் அதற்கு அடியில் பூட்டப்பட்டுவிடும். பூசிய பின் ஒரு நாளாவது தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். மூடிய ஷெட் இல்லாவிட்டால் மலைப் பனியில் அது நடக்காது. ஸ்ப்ரே சீலன்ட்டோ, பிரேசில் பனையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகோ போதும். சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

அதே வாசகர்: பாலிஷ் மெஷின்?

டூயல் ஆக்‌ஷன் என்று கேட்டு வாங்குங்கள். வட்டமாக மட்டும் சுற்றுகிற பட்டறை மெஷின் பழகாத கையில் ஒரே இடத்தைச் சூடாக்கிப் பூச்சை எரித்துவிடும். மென்மையான பேட், மெல்லிய பாலிஷ், டிக்கியின் ஒரு மூலையில் ஓர் அடி இடம். அது சரியாக வந்தால்தான் அடுத்த அடி. விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியது. அங்கே டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுக்கிறது, அது திரும்ப வளராது.

திருச்சி வாசகர்: மலையில் ஓடை ஓரமாக நிறுத்திக் காரைக் கழுவுவது எங்கள் நண்பர் கூட்டத்துக்கு ஒரு சந்தோஷம். ஓடுகிற தண்ணீர்தானே, என்ன தப்பு?

ஓடுகிற தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள் தம்பி. இந்த மலையின் ஓடைகள் சேர்ந்துதான் ஐயாறு. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியாக இறங்கி, உங்கள் மாவட்டத்துக்குத்தான் வருகிறது, காவிரியில் சேர. மேலே நீங்கள் விடும் ஷாம்பு நுரை மீனின் செவுளைப் பாதிக்கும். இன்ஜின் எண்ணெயும் பிரேக் தூளும் நுரையோடு போகும். ஓடைக் கரையில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க வேண்டி வந்தது. 2019 கோடையில் சென்னை குடத்தோடு தெருவில் நின்றதும் மறந்திருக்காது. ஹோஸைத் திறந்துவிட்டுக் கழுவினால் பத்து நிமிடத்தில் நூறு லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். இரண்டு வாளியும் கைப்பம்பு ஸ்ப்ரேயரும் இருந்தால் நாற்பதுக்குள் முடியும். புழுதி மட்டும்தான் என்றால் ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற திரவம் இருக்கிறது. ஒரே வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்து, துண்டை நனைத்து, ஒரு முகத்தால் ஒரு தடவை மட்டும் இழுத்து, மடித்து மறு முகத்துக்குப் போகவேண்டும். அலசத் தேவையில்லை. மிச்சத் தண்ணீரை ஓடையிலிருந்து தள்ளி மண் தரையில் கொட்டுங்கள். கெட்டியான சேறு இருந்தால் இது ஆகாது. வீடு போய்ச் சேர்ந்து கழுவுங்கள்.

அரியூர் நாடு, ஆறாம் வகுப்பு மாணவி: ஞாயிற்றுக்கிழமை அப்பா கார் கழுவும்போது நானும் செய்வேன் என்கிறேன். சின்னப் பிள்ளை, கீறிவிடுவாய் என்கிறார். நான் என்ன செய்யலாம்?

துண்டுகள் உன் பொறுப்பு என்று அப்பாவிடம் சொல். கண்ணாடிக்கு ஒரு நிறம், பெயின்ட்டுக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்து அடுக்கி, அப்பா கேட்கும்போது சரியானதை எடுத்துக் கொடு. சக்கரத்துத் துண்டு பெயின்ட் பக்கம் போனால் உடனே நிறுத்து. தரையில் விழுந்த துண்டை யார் குனிந்து எடுத்தாலும், அப்பாவே எடுத்தாலும், கையிலிருந்து வாங்கித் துவைக்கிற கூடையில் போட்டுவிடு.