நாய்க்குச் சாதிச் சான்றிதழ் இருக்கா?

சென்னைப் புறநகரில் ஒரு நாய்கள் காப்பகம். அங்கே ஓர் ஆண் நாய். செம்பழுப்பு நிறம், நாலு வயது இருக்கும். கருத்தடை ஆகிவிட்டது, அதற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு. வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. யார் வந்தாலும் கம்பியோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும், சொறிந்துவிடச் சொல்லி. சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்ளும். குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் முறைக்காது. சோற்று வாளி வரும்போது 'இரு' என்றால் இருக்கும்.

இத்தனை யோக்கியதை உள்ள ஒருவரை நாம் சட்டசபைக்கே அனுப்பியதில்லை. ஆனால் இந்த நாயை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். "குட்டி இல்லையா?" என்கிறார் அப்பா. "லேப் வந்தா சொல்லுங்க" என்கிறார் அம்மா. "பார்க்கத் தெரு நாய் மாதிரியே இருக்கே" என்று வருத்தப்படுகிறார் பாட்டி. தெருவில் பிடித்த நாய் வேறெப்படி இருக்கும், தாயி? பிறகு அதோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஏற்றி, நாலு இதயம் போட்டு, ஜீவகாருண்யத்தை முடித்துக்கொண்டு மாமல்லபுரம் போய்விடுகிறார்கள்.

அடுத்த வாரம் அதே குடும்பம் நாய் வியாபாரி வாசலில் நிற்கிறது. அப்பன் யார், பாட்டன் யார், கலப்பு ஏதும் உண்டா என்று துருவுகிறது. கென்னல் கிளப் சான்றிதழைக் கேட்டு வாங்குகிறது. பெண் பார்க்கும்போது சாதி பார்த்தோம், வீடு வாடகைக்கு விடும்போது பார்த்தோம். மிச்சமிருந்தது நாய் ஒன்றுதான். அதையும் விடவில்லை. சான்றிதழ் தரும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. வேறெங்கே இருக்கும்?

சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது ஹஸ்கி. அதை அக்னி நட்சத்திரத்தில் மூன்றாவது மாடி அடுக்ககத்தில் கட்டிவைக்கிறோம். பகலெல்லாம் ஏசி. இரண்டு மாதம் கழித்து மின்கட்டணம் வருகிறது. அன்றைக்கே சார் குடும்பத்தில் எல்லோருக்கும் நாய் முடி அலர்ஜி வந்துவிடுகிறது. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் பையன் பின்னால் ஓடியது. நாடே பக் வாங்கியது. அமுங்கிய மூக்கால் அது மூச்சுவிடத் திணறும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. மருத்துவச் செலவு சொன்னது. கொரோனா ஊரடங்கில் வீட்டில் பொழுது போகவில்லை என்று நாய் வாங்கினார்கள். அலுவலகம் திறந்தது. பொழுது போயிற்று, நாயும் போயிற்று.

எங்கே போயிற்று? சில காப்பக வாசலில், பல புறவழிச்சாலை ஓரத்தில்.

இதெல்லாம் குற்றமில்லையா? குற்றம்தான். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாட விட்டுவிட்டுப் போனால், முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் ஐம்பது ரூபாய் காசு. இன்று ஓட்டலில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு டிப்ஸ் வைக்கக்கூடக் காணாது. அறுபது வருடம் கழித்து, 2022-இல் திருத்த மசோதா ஒன்றின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதிவில்லாமல் வியாபாரமே செய்யக் கூடாது என்று 2017-இல் விதி வந்தது. விதி கெஸட்டில் பத்திரமாக இருக்கிறது. குட்டி அட்டைப்பெட்டியில் விலைபோகிறது.

பெருமைக்கு மட்டும் குறைவில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டோம். 2020-இல் பிரதமரே வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார்; கைதட்டினோம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பேரையும் பொறித்திருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். ஆயிரத்து நானூறு வருடத் தமிழ்ப் பெருமை என்று மேடையில் முழங்குகிறோம். கோவிவன் இன்று காப்பகத்துக்கு வந்தால், "குட்டி இல்லையா?" என்றுதான் கேட்போம். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை. அவருடைய வாகனம் கோயில் வாசலில் படுத்திருந்தால் அதற்குக் கல்.

2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் போடச் சொன்னது உச்ச நீதிமன்றம். 22-ஆம் தேதி இன்னொரு அமர்வு, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறியும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நடுவில் பதினொரு நாள் தொலைக்காட்சிகளில் குரைப்பு. நாய்கள் குரைக்கவில்லை. ஒரு கட்சி, எல்லாவற்றையும் அடை என்றது. எங்கே அடைப்பது, யார் சோறு போடுவது என்று கேட்டால் அடுத்த விளம்பர இடைவேளை. சென்னையில் மட்டும் 2024 கணக்குப்படி ஒரு லட்சத்து எண்பதாயிரம் தெருநாய்கள். இன்னொரு கட்சி மெழுகுவத்தி ஏந்தி அழுதது. அழுதவர்களில் எத்தனை பேர் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய கோல்டன் ரெட்ரீவர் என்று யாரும் எண்ணவில்லை.

கடிபட்ட குழந்தையின் தாய்க்குக் கோபப்பட உரிமை உண்டு. 2024-இல் நாட்டில் 37 லட்சம் நாய்க்கடிகள் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அந்தத் தாய் கோபப்பட வேண்டியது அள்ளாத குப்பையின் மேல், ஏட்டில் மட்டும் நடக்கும் கருத்தடையின் மேல், காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் கனவான்கள் மேல். கம்பியில் முதுகை ஒட்டி நிற்கும் அந்தச் செம்பழுப்பன் மேல் அல்ல.

அவன் செய்த குற்றம் மூன்று. வளர்ந்துவிட்டான். உள்ளூரில் பிறந்தான். விலை இல்லாமல் கிடைக்கிறான். மூன்றாவதைத்தான் நம்மால் மன்னிக்கவே முடியவில்லை. மிக்ஸி கொடுத்தால் வரிசையில் நிற்போம். உயிரை இலவசமாகக் கொடுத்தால் சந்தேகப்படுவோம்.

குட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு ஒரு தகவல். இவன் எவ்வளவு வளர்வான், என்ன குணம் என்று எல்லாம் தெரியும். செருப்பைக் கடிக்கிற வயதும் முடிந்துவிட்டது. நீங்கள் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கப்போகும் குட்டியோ, அடுத்த வருடம் இதே மாதிரி வளர்ந்த நாயாகத்தான் நிற்கும். ஆகவே அதற்கும் இங்கே ஒரு கூண்டை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். இடம் தட்டுப்பாடு.

அபராதம் ஐம்பது ரூபாய். சில்லறையாகக் கொண்டுவரவும்.